யார் பணம், யாருக்குத் தண்டனை?

பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கியின் கணக்குகளிலும் வாலெட்டுகளிலும் ஃபாஸ்டேக்குகளிலும் பயண அட்டைகளிலும் இனிப் புதிதாகப் பணம் ஏற்றக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 31 அன்று உத்தரவிட்டது. முதலில் பிப்ரவரி 29 என்று குறிக்கப்பட்ட கெடு பின்னர் மார்ச் 15 வரை நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே உள்ள இருப்பை எடுத்துக்கொள்ளவும் செலவிடவும் வாடிக்கையாளர்களுக்குத் தடையில்லை என்றும் அந்த உத்தரவு சொன்னது. 30 கோடிக்கும் மேற்பட்ட வாலெட்டுகள் தன்னிடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரு நிறுவனத்தின் பெருவாரியான தொழில் ஆறே வாரங்களில் நின்றுபோனது.

இந்த நடவடிக்கை தேவைதானா என்று கேட்டால், தேவை என்பதே நமது பதில். 2022 மார்ச் 11 அன்றே புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க அந்த வங்கிக்குத் தடை விதிக்கப்பட்டது. அதன் கணினி அமைப்பு முழுவதையும் வெளித் தணிக்கைக்கு உட்படுத்தும்படியும் சொல்லப்பட்டது. வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி விதிகள் உள்ளிட்டவற்றை மீறியதற்காக 2023 அக்டோபரில் 5.39 கோடி ரூபாய் அபராதம் வந்தது. அதன் பிறகும் மீறல்கள் தொடர்வதைத் தணிக்கை அறிக்கைகள் காட்டின என்பதுதான் 2024 உத்தரவுக்கு ரிசர்வ் வங்கி சொன்ன காரணம். நிதிப் புலனாய்வுப் பிரிவும் தன் பங்குக்கு 5.49 கோடி ரூபாய் அபராதம் விதித்திருப்பது 2024 மார்ச் 1 அன்று அறிவிக்கப்பட்டது. இரண்டாண்டு எச்சரிக்கைக்குப் பிறகும் திருந்தாத நிறுவனத்துக்காக இரங்க இடமில்லை. புத்தொழில் நிறுவனர்கள் சிலர் நிதியமைச்சருக்கும் ரிசர்வ் வங்கிக்கும் கடிதம் எழுதி, நடவடிக்கையை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொண்டனர். அந்த நிறுவனத்துக்காகப் பேச அவர்கள் இருக்கிறார்கள். நாம் பேச வேண்டியது அப்படிக் கடிதம் எழுத வழியில்லாதவர்களைப் பற்றி.

வாடகைக்கு வீடு பிடிப்பவர் கொடுக்கும் அட்வான்ஸ், வீட்டுக்காரரின் கையில் இருந்தாலும் குடியிருப்பவரின் பணம். வீட்டுக்காரருக்கும் மாநகராட்சிக்கும் வரித் தகராறு வந்துவிட்டது என்பதற்காகக் காலி செய்து போகிறவரிடம் ‘பொறுத்திருங்கள்’ என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ப்ரீபெய்டு அட்டையில் இருக்கும் தொகையும் அத்தகையதே. அது கடனும் அல்ல, சலுகையும் அல்ல. வாடிக்கையாளர் தன் உழைப்பில் ஈட்டி முன்கூட்டிக் கொடுத்து வைத்த பணம். இந்த எளிய உண்மையை நிறுவனங்கள் மறப்பதில் வியப்பில்லை. கண்காணிப்பு அமைப்புகளும் அரசுத் துறைகளும் மறப்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மறந்தால் என்ன நேரும் என்பதை 2020 ஜூனில் பிரிட்டன் கண்டது. ஜெர்மனியின் முன்னணிப் பங்குக் குறியீடான டாக்ஸில் இடம்பெற்றிருந்த வயர்கார்ட் நிறுவனம், பிலிப்பைன்ஸ் வங்கிகளில் தனக்கு இருப்பதாகக் கணக்கில் காட்டிய 190 கோடி யூரோ அநேகமாக இல்லவே இல்லை என்று ஜூன் 22 அன்று ஒப்புக்கொண்டது. 25 அன்று திவால் மனு கொடுத்தது. மறுநாள், வெள்ளிக்கிழமை, பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் நியூகாசிலில் இருந்த வயர்கார்டின் துணை நிறுவனத்தின் செயல்பாடுகளை ஒரே உத்தரவில் நிறுத்தியது. வாடிக்கையாளரின் பணம் கைமாறிப் போய்விடாமல் காப்பதே நோக்கம் என்றது ஆணையம். நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் அந்தத் துணை நிறுவனம், வேறு பல பெயர்களில் புழங்கிய அட்டைகளுக்குப் பின்னால் இருந்த நிறுவனம். பாக்கிட், அன்னா, கர்வ், யு அக்கவுண்ட், இணையவழி வேலை செய்வோர் ஊதியம் பெறும் பயோனியர் அட்டைகள் என எல்லாம் ஒரே நாளில் உறைந்தன.

பாக்கிட் அட்டை வைத்திருந்தவர்களில் பலர் வழக்கமான வங்கிகள் கணக்குக் கொடுக்கத் தயங்கும் ஏழைகள். அரசின் உதவித்தொகையை அந்த அட்டையிலேயே பெற்றவர்கள். மாதக் கடைசி, கொரோனா ஊரடங்குக் காலம், வார இறுதி. கடையில் ரொட்டியும் பாலும் எடுத்து வைத்துவிட்டு அட்டையை நீட்டினால் இயந்திரம் மறுக்கிறது. பணம் எங்கே என்று கேட்டால், பத்திரமாக இருக்கிறது என்று பதில். திங்கட்கிழமை இரவு தாண்டித்தான் தடை நீங்கியது. சேமிப்பு உள்ளவருக்கு இந்த நான்கு நாள்கள் ஓர் எரிச்சல். வேறு அட்டை இல்லாதவருக்கு அது பட்டினி. பத்திரமாக இருக்கும் பணத்தைத் தொட முடியாதவனுக்குப் பணம் இருந்தும் இல்லாததே. சிறு தொகையையாவது எடுக்க ஒரு வழியைத் திறந்துவைக்காமல் மொத்தமாகப் பூட்டியது ஆணையத்தின் தவறு. எந்த நோக்கமும் அதை நியாயப்படுத்தாது.

அந்த அளவுகோலில் பார்த்தால் நமது ரிசர்வ் வங்கி மேலாகவே நடந்துகொண்டது. கெடு கொடுத்தது, எடுப்பதற்கான கதவை மூடவில்லை, மக்களின் ஐயங்களுக்குக் கேள்வி பதில் வடிவில் விளக்கமும் வெளியிட்டது. இதைப் பாராட்டாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் அதே விளக்கத்தைப் பொறுமையாகப் படித்தால், வங்கிக் கணக்கு வைத்திருந்தவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, அட்டையும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கரும் வைத்திருந்தவருக்குக் கிடைக்கவில்லை என்பது புலப்படும்.

ஃபாஸ்டேக்கை எடுத்துக்கொள்வோம். இது ஒருவர் விரும்பி வாங்கும் வசதி அல்ல. 2021 பிப்ரவரி நடுப்பகுதி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளின் எல்லாத் தடங்களும் ஃபாஸ்டேக் தடங்களாக்கப்பட்டன. ஸ்டிக்கர் இல்லாத வாகனம் இரட்டைக் கட்டணம் கட்ட வேண்டும் என்றாயிற்று. ஆக, குடிமகனை ஒரு ப்ரீபெய்டு கணக்குத் திறக்க வைத்தது அரசு. அந்தக் கணக்கை எந்த வங்கியில் திறப்பது என்பதை மட்டுமே அவன் தேர்ந்தெடுத்தான். அரசு அங்கீகரித்த பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுத்தான். பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கியின் ஃபாஸ்டேக்கை வைத்திருந்தவர்கள் 2 கோடிக்கும் மேல் என்று அப்போது சொல்லப்பட்டது. 2024 பிப்ரவரியில் அந்த வங்கி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இரட்டைக் கட்டணத்தைத் தவிர்க்க மார்ச் 15க்குள் வேறு வங்கியின் ஃபாஸ்டேக்கை வாங்கிக்கொள்ளுங்கள் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அறிவுரை சொன்னது. அறிவுரையோடு அதன் கடமை முடிந்துவிட்டது.

பழைய ஸ்டிக்கரில் இருந்த இருப்பைப் புதிய ஸ்டிக்கருக்கு மாற்ற முடியுமா? முடியாது என்று ரிசர்வ் வங்கியின் விளக்கமே சொன்னது. ஃபாஸ்டேக் அமைப்பில் அந்த வசதி கிடையாது. பழையதை மூடச் சொல்லி விண்ணப்பித்து, மிச்சத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி. நடைமுறையில், பதிவு செய்த கைபேசி எண் உயிரோடு இருக்க வேண்டும். வண்டியை இரண்டாவது கையாக வாங்கியவராக இருந்தால் அந்த எண் பழைய உரிமையாளருடையதாக இருக்கலாம். ஸ்டிக்கரை ஒட்டிக்கொடுத்த முகவர் எப்போதோ இடம் மாறியிருப்பார். நாமக்கல்லில் பத்து லாரி வைத்திருக்கும் ஒருவருக்குப் பத்து ஸ்டிக்கரிலும் வழிச்செலவுக்கு ஏற்றி வைத்த பணம் தனித்தனியாகக் கிடக்கும். அது திரும்பி வரும்வரை லாரிகள் நிற்க முடியாது. எனவே புதிய ஸ்டிக்கருக்குப் புதிதாகக் கட்டணமும் வைப்புத் தொகையும் கட்டி, அதிலும் பணம் ஏற்றியாக வேண்டும். ஒரே பயணத்துக்கு இரண்டு இடத்தில் பணம்.

சுங்கச்சாவடித் தடத்தில் நிற்கும் ஓட்டுநரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கருவி ஸ்டிக்கரைப் படிக்கிறது, இருப்புப் போதவில்லை என்கிறது, தடுப்புக் கம்பம் எழவில்லை. பின்னால் வரிசை ஹாரன் அடிக்கிறது. ரீசார்ஜ் செய்ய வழியே இல்லை என்று ஊழியரிடம் விளக்கிப் பயனில்லை. அவருக்குத் தெரிந்தது இரட்டைக் கட்டணம் ஒன்றுதான். விதியை மீறியது வங்கி. தண்டத்தைக் கட்டுவது ஓட்டுநர். அரசே அங்கீகரித்த ஒரு வங்கி விழும்போது, அதை நம்பியவரிடம் இரட்டைக் கட்டணம் வாங்குவது அநீதி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஒரு வாகனத்துக்கு ஒரே ஃபாஸ்டேக் என்ற கட்டுப்பாட்டை அந்தச் சமயத்தில் மார்ச் இறுதிவரை தள்ளிவைக்க முடிந்த அரசுக்கு, மாறிக்கொள்ளும் காலத்துக்கு மட்டும் இரட்டைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது முடியாத காரியமாக இருந்திருக்காது.

அட்டை வைத்திருப்போரிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விதிகளின்படி, முழு கேஒய்சி முடித்தவர் 2 லட்சம் ரூபாய் வரை வாலெட்டில் வைக்கலாம், பிறருக்கு அனுப்பலாம், வங்கிக்கு மாற்றலாம். கைபேசி எண்ணும் ஓர் அடையாள எண்ணும் மட்டும் கொடுத்துத் திறந்த சிறு வாலெட்டில் 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வைக்க முடியாது; ரொக்கமாக எடுக்கவும் முடியாது; கடைகளில் செலவிட மட்டுமே முடியும். அதை மூடி மிச்சத்தை வாங்க நினைத்தால், பணம் வந்த கணக்குக்கே திருப்பி அனுப்பலாம் அல்லது கேஒய்சி முடித்த பிறகு வங்கிக் கணக்கில் பெறலாம். தெருமுனைக் கடையில் ரொக்கம் கொடுத்து ஏற்றிக்கொண்டவருக்குத் திருப்பி அனுப்ப ஏது மூலக் கணக்கு? பணம் வாங்கும்போது கேட்காத ஆவணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்பது என்ன நியாயம்? கறுப்புப் பணத்தைத் தடுக்கவே இந்தக் கட்டுப்பாடு என்பார்கள். சில நூறு ரூபாய் மிச்சத்தில் எந்தக் கறுப்புப் பணம் ஒளிந்திருக்கிறது என்று அவர்கள்தான் விளக்க வேண்டும்.

சில நூறு ரூபாய் என்பதால்தான் பலரும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அப்படி விடப்பட்ட பணம் எங்கே போகிறது? வங்கியில் பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத் தொகை, ரிசர்வ் வங்கி 2014இல் உருவாக்கிய வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போகிறது. வைத்தவரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும் கிடைக்கும். மறந்துபோன வைப்புகளைத் தேட ‘உத்கம்’ என்ற இணையதளமும் 2023இல் தொடங்கப்பட்டது. வங்கியல்லாத நிறுவனத்தின் ப்ரீபெய்டு அட்டைக்கு விதி வேறு. அட்டை காலாவதியாகி மூன்றாண்டு முடிந்தபின், மிச்சத்தை அந்த நிறுவனம் தன் லாப நட்டக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு யாராவது வந்து கேட்டால் தர வேண்டும் என்ற வாசகமும் விதியில் இருக்கிறது. ஆனால் வராதவர்களின் பணத்தை நிறுவனத்தின் வருமானமாக ஏற்றுக்கொள்ளும் விதி, அவர்களைத் தேடிப் போகாமல் இருப்பதற்கு நிறுவனத்துக்குக் கூலி கொடுக்கிறது. வங்கியில் வைத்தால் பொது நிதி, அட்டையில் வைத்தால் தனியார் லாபம் என்ற இந்த வேறுபாட்டுக்கு எந்தத் தார்மிக அடிப்படையும் இல்லை. விதியை எழுதியவர்களே அதைத் திருத்த வேண்டும்.

அபராதம் யாருக்குப் போகிறது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. 5.39 கோடியும் 5.49 கோடியும் விதித்தவர்களிடம் சேர்ந்தன. அவதிப்பட்ட வாடிக்கையாளருக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. அமெரிக்காவில் 2015 அக்டோபரில் ரஷ்கார்டு என்ற ப்ரீபெய்டு அட்டை, தன் கணினி அமைப்பை மாற்றும்போது பழுதடைந்தது. ஊதியத்தையே அந்த அட்டையில் பெற்ற ஆயிரக்கணக்கானோர் நாள்கணக்கில் தங்கள் பணத்தைத் தொட முடியாமல் தவித்தனர். அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2017 பிப்ரவரியில் அட்டை நிறுவனத்துக்கும் மாஸ்டர்கார்டுக்கும் எதிராகப் பிறப்பித்த உத்தரவில் அபராதம் 30 லட்சம் டாலர்; பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு ஒரு கோடி டாலர். எது பெரிது என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. 2024இல் சினாப்ஸ் என்ற இடைத்தரகு நிறுவனம் திவாலானபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் 26.5 கோடி டாலர் முடங்கியது. செயலியில் தெரிந்த இருப்புக்கும் வங்கிகளில் உண்மையில் இருந்த பணத்துக்கும் இடையே 6.5 கோடி டாலர் முதல் 9.6 கோடி டாலர் வரை பள்ளம் இருப்பதாக நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் கணக்கிட்டார். திரையில் தெரியும் எண் பணமல்ல என்பதை அந்த மக்கள் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

இந்தியாவில் வங்கியல்லாத நிறுவனங்கள் வாடிக்கையாளர் பணத்தை வணிக வங்கி ஒன்றில் எஸ்க்ரோ கணக்கில் தனியாக வைக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடு அந்த வாலெட் பணத்துக்குத் தனிப்பட்ட முறையில் கிடையாது என்பதை, அட்டை விற்கும் எந்த விளம்பரமும் சொல்வதில்லை. சொல்ல வைக்க வேண்டியவர்களும் வற்புறுத்துவதில்லை.

இழப்பீட்டுக்கு நமது விதிகளிலேயே முன்மாதிரி உண்டு. தோல்வியடைந்த பணப் பரிமாற்றத்தில் எடுக்கப்பட்ட தொகையைக் குறித்த காலத்துக்குள் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும், அதுவும் அவர் கேட்காமலே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டது. ஒரு பரிமாற்றம் தவறினால் நாளுக்கு 100 ரூபாய் என்றால், மொத்த அட்டையே முடங்கி, மிச்சம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும்போது ஏன் அதே தொகை கிடையாது? மூடப்படும் எல்லா ப்ரீபெய்டு அட்டைகளுக்கும் வாலெட்டுகளுக்கும் ஃபாஸ்டேக்குகளுக்கும் இந்த விதியை நீட்டிப்பது, ஒரு பக்கச் சுற்றறிக்கையில் முடிகிற வேலை. அட்டைதாரர் விண்ணப்பிக்கும்வரை காத்திருக்காமல், தெரிந்த வங்கிக் கணக்குக்குப் பணத்தைத் தானே அனுப்பும் பொறுப்பை நிறுவனத்தின் மீது சுமத்துவதும் அப்படியே. ஃபாஸ்டேக் இருப்பை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றும் வசதி தேவை. கைபேசி எண்ணையே நிறுவனம் விட்டு நிறுவனம் மாற்றிக்கொள்ளும் நாட்டில் இது தொழில்நுட்பச் சிக்கல் என்று யாரும் சொல்லக் கூடாது.

மாநில அமைப்புகளுக்கும் இதில் பங்குண்டு. 2025 ஆகஸ்டில் சென்னை மெட்ரோ தன் பழைய பயண அட்டைக்கு ரீசார்ஜை நிறுத்தியபோது, அட்டையை நிலையக் கவுண்டரில் ஒப்படைத்தால் வைப்புத் தொகையும் மிச்சமும் சிங்காரச் சென்னை அட்டைக்கு மாற்றித் தரப்படும் என்று அறிவித்தது. ஓர் அட்டையை விலக்கிக்கொள்ளும் முறை இதுதான்: பணம் வாங்கிய இடத்திலேயே, ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கும் கவுண்டரிலேயே, திருப்பிக் கொடுப்பது. அதே சிங்காரச் சென்னை அட்டை 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்துகளிலும் செல்லுபடியாகிறது. அதை வழங்குவது பாரத ஸ்டேட் வங்கி என்பதால் இன்று கவலையில்லை. நாளை வேறு வங்கியோ நிறுவனமோ அந்த இடத்துக்கு வந்தால், அது விலகும் நாளில் பயணியின் மிச்சம் எத்தனை நாளுக்குள், எங்கே, யார் கையால் திருப்பித் தரப்படும் என்பது ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். போக்குவரத்துத் துறையும் மெட்ரோ நிர்வாகமும் இதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்று கோருகிறோம்.

பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி விதிகளை மீறியது, தண்டிக்கப்பட்டது. அதில் பிழையில்லை. அந்தத் தண்டனையின் ஒரு பகுதியைச் சுங்கச்சாவடி ஓட்டுநரும் சிறு வாலெட் வைத்திருந்தவரும் சுமந்ததற்கு அந்த வங்கி மட்டும் பொறுப்பல்ல. கட்டாயப்படுத்திவிட்டுக் கைகழுவிய நெடுஞ்சாலைத் துறையும், கதவைத் திறந்துவைத்தும் அதை எட்டும் படியை அமைக்காத ரிசர்வ் வங்கியும் பொறுப்பு. இன்னொரு நிறுவனம் மூடப்படுவதற்கு முன் அவை இதைச் சரிசெய்ய வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. முடங்கிய அட்டையில் மிச்சம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டாலோ மறுக்கப்பட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அதற்கான உதவி எண் 14448.